திங்கட்கிழமை டெஸ்ட்

“யோவ் ஐயரே, டபுள் கிளட்ச் அடிய்யா! கியர் கத்துறது காதுல விழலியா?” என்று அலறினான் கண்ணாயிரம்.

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் போகும் லாரி அது. லாரி முதலாளியின் சிபாரிசில், லீவு போட்டுவிட்டு, சௌந்தரராஜன் அவனிடம் லாரி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜீப் ஓட்டத் தெரியும், லாரி புதிது.

“திங்கட்கிழமை டெஸ்ட்டு கண்ணாயிரம். இது வரலேன்னா என் மானமே போயிடும்.”

“போவட்டும். புளியோதரை துன்ற கை ஸ்டியரிங் புடிச்சா இப்டித்தான் இருக்கும்.”

வாலாஜாவில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது டீக்கடை பெஞ்ச் ஒன்று உடைந்தது. திரும்பி வரும்போது, கிருஷ்ணகிரி மண்டிக்குள் லாரி நேராகப் பின்வாங்கி எதையும் இடிக்காமல் நின்றது.

“தேறிட்டேய்யா” என்று கண்ணாயிரம் பீடி பற்றவைத்தான்.

திங்கட்கிழமை காலை டெஸ்ட் மைதானத்தில், வரிசையில் முதல் லாரியில் கண்ணாயிரம் உட்கார்ந்திருந்தான். சௌந்தரராஜன் திகைத்து நின்றான்.

“இன்னா ஐயரே, முழிக்கிறே? இத்தினி வருசமா லைசென்ஸ் இல்லாமத்தான் ஓட்டிக்கினு இருக்கேன். இன்னிக்கு வாங்கிடணும், இல்லேன்னா முதலாளி வேற ஆளு வெச்சுடுவாரு. டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் புதுசாம்பா. லாரியே தெரியாத ஆளா இருந்தா நல்லது.”

சௌந்தரராஜன் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

“அந்த ஆள் போன வாரம் பூரா உங்கிட்டதான் கத்துண்டிருந்தான்” என்றான். “ம், வண்டியை எடு.”