ஒரு மடக்கு நீங்க

“குடிச்சிடும்மா. இல்லைன்னா நாளைக்கு மூக்கு வழியா டியூப் போட்டுடுவாங்க,” என்றார் சிஸ்டர்.

“வயித்தைப் புரட்டுது சிஸ்டர்.” கட்டிலில் படுத்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டம்ளர் நிறையப் புரோட்டீன் பானம், வெனிலா வாசனையோடு.

“இது உள்ளே போகாம தெம்பு எங்கிருந்து வரும்?”

“ஒரு மடக்கு நீங்க குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான்.”

“நல்ல ஆளும்மா நீ. நோயாளி யாரு, நானா?”

சிரித்துக்கொண்டே குடித்தார். நான் உதட்டை மட்டும் நனைத்தேன். “கசக்குதே.”

“கசப்பா? புளுகாதே.” மறுபடி குடித்துப் பார்த்தார். இப்படியே டம்ளர் காலியானது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனேன்.

“முழுசும் அம்மாவே குடிச்சிட்டாங்க டாக்டர். டியூப் வேண்டாமே.”

“இன்னைக்கும் நீங்கதான் நோயாளியா?”

“ஆமாம். நர்ஸ் வேலையை விட்டது அவங்களுக்கு மறந்துபோச்சு. என்னையும்தான்.”

திரும்பி வந்து படுத்தேன். அம்மா போர்வையை இழுத்து மூடினார்.

“பாவம், உன்னைப் பார்க்க ஒருத்தரும் வரலையே. உனக்கு அம்மா இல்லையா?”

“இருக்காங்க சிஸ்டர்,” என்றேன். “டியூட்டியில இருக்காங்க.”