உதறல்

ரோபோ கை அவள் பிடிக்கு இசைந்து வந்தது.

கனமே இல்லை.

இதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வேண்டாமாம். ஆள் பக்கத்திலேயே நிற்கலாமாம். இடித்தால் தானே நின்றுவிடுமாம்.

நுனியில் பாலிஷ் பஞ்சு. கார் பானட்டின் மேல் அதை இழுத்து, எங்கே அழுத்தணும், எங்கே விடணும் என்று அவள் காட்ட வேண்டும். காட்டியதை அது மனதில் வைத்துக்கொள்ளும்.

எட்டு வருஷமாகச் செய்கிற வேலை. நான்கே நிமிஷத்தில் காட்டி முடித்துவிட்டாள்.

"அவ்ளோதான்க்கா. இனி அதுவா செய்யும், பாருங்க" என்றான் இன்ஜினியர் தமீம்.

கை தானாக நகர்ந்தது.

அவள் கிட்டே போனாள். தன் வேலையை எதிரே நின்று அவள் பார்த்ததே இல்லை. ஓரத்தில் மெல்ல. வளைவில் சாய்த்து.

அட, இவ்வளவு நேர்த்தியா.

நடு பானட்டில் கை நின்றது.

மேலே எழுந்தது. காற்றில் இரண்டு தரம் உதறியது. மறுபடி இறங்கி வேலையைத் தொடர்ந்தது.

வரிசையில் நின்ற பாலிஷ்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"அடியே, அச்சு அசலா உன்ன மாதிரியே உதறுதுடி!" என்றாள் லூர்து.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

நாள் முழுக்க அதிர்கிற மெஷினைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போவது அவளுக்குத் தெரியும். தான் உதறுவது தெரியாது.

மரத்த கைக்கு இங்கே வேலை கிடையாது. போன மாதம் கம்பெனி டாக்டரிடம் வாயை விட்டவளின் காண்ட்ராக்ட் அந்த வாரமே முடிந்தது.

"இந்த உதறல் எதுக்குக்கா?" என்றான் தமீம்.

"தூசி சார். பஞ்சுல ஒட்டிக்கும். தட்டி விடணும்."

தமீம் தலையாட்டினான். திரையில் குறித்துக்கொண்டான்.

அடுத்து லூர்து. அவளுக்குக் கதவு. பிடித்தாள், இழுத்தாள், விட்டாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

கை தானாக ஓடியது.

பாதிக் கதவில் எழுந்தது. மூன்று தரம் உதறியது.

யாரும் சிரிக்கவில்லை.

லூர்து தன் கையைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல.

தமீம் மெஷினை நிறுத்தினான். பஞ்சில் விரலை அழுத்தித் தேய்த்தான். விரலைப் பார்த்தான்.

சுத்தமாக இருந்தது.

லூர்துவைத் தாண்டி அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இந்தத் தூசி எத்தன பேருக்கு இருக்கு?"

அவளுக்குத் தெரியாது. போன மாதம் போனவளை விட்டால் தனக்கு மட்டும்தான் என்று இருந்தாள்.

திரும்பினாள்.

வரிசையைப் பார்த்தாள், ஒவ்வொரு கையாக.