கடைசிப் பொத்தான்

தவக்காலத்துக்கு முந்தைய கொழுப்பு வியாழன் இன்று. ஊரே பொன்ச்கி தின்கிறது. எங்கள் டிராம் டிப்போவிலும் மேசை முழுக்க அந்த ஜாம் உருண்டைகள்தான், எண்ணெய் மினுங்க, சர்க்கரைப் பூச்சோடு. உடம்பைக் குறைக்கக் குளிர்காலம் முழுக்க வேகவைத்த முட்டைக்கோஸோடு மல்லுக்கட்டிய ஓட்டுநர் யத்விகாவின் முன்னால் ஸெனான் பெட்டியை நீட்டுகிறான். "எடுக்கா. இன்னிக்கு ஒண்ணுகூடத் திங்கலேன்னா வருஷம் பூரா தரித்திரம்." பிறகு எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். "ஒண்ணுல தொடங்குவா, பெட்டியக் காலி பண்ணுவா, பாருங்க." யத்விகா ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கடிக்கிறாள். ரோஜா ஜாம் மோவாயில் வழிகிறது. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு விரலாகச் சப்புகிறாள். "இன்னொண்ணு?" என்கிறான் ஸெனான். "போதும்டா, தரித்திரம் போயிடுச்சு." எழுந்து சீருடைக் கோட்டை மாட்டுகிறாள். பொத்தான்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக ஏறுகின்றன. இத்தனை வருஷமாகக் காஜாவை எட்டிப்பார்க்காத கடைசிப் பொத்தான், அவள் வயிற்றை எக்காமலே, உள்ளே போய் உட்காருகிறது. ஸெனான் வாயைப் பிளந்து பார்க்கிறான். "வாயை மூடு ஸெனான், இல்லேன்னா நீயே ஒண்ணு போட்டுக்கோ." பனியில் அவளுடைய டிராம் கிளம்புகிறது. தண்டவாளத்தின் குறுக்கே ஒருவருமில்லை. ஆனாலும் தெருமுனைவரை மணியை அடித்துக்கொண்டே போகிறாள்.