நிலவறைக் காற்று

மாவட்டச் சுகாதார அலுவலகத்து லோர்னா, அளவுக் கருவியோடு நிலவறையிலிருந்து மேலே வந்தாள். ஆர்விட் படிக்கட்டருகிலேயே நின்றிருந்தார்.

"எவ்வளவும்மா காட்டுது? மழுப்பாம சொல்லு."

முற்றத்தில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை நட்டிருந்தது. ஐயோவா மாநிலத்தில் வீடு விற்கிற எல்லோருக்கும் இதே பதற்றம்தான் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள்.

"ரேடான் வாயு நாலைத் தாண்டக் கூடாதுங்க. இங்க இருபத்திரண்டு. குழாய் போட்டு விசிறி வெச்சா வெளிய இழுத்துடும். வீட்டு விலை குறையாது, கவலைப்படாதீங்க."

"ரொம்ப வருஷமாவே இருந்திருக்குமா?"

"மண்ணுலேர்ந்து கசியறது. கட்டின நாள்லேர்ந்தே இருந்திருக்கும்."

"நுரையீரல்ல புற்றுநோய் வருமா?"

"வரலாம்."

ஆர்விட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"விலை கெடக்குது, விடு. என் பெண்டாட்டி இங்கிரிட் அதுலதான் போனா. சிகரெட்டைத் தொட்டதே இல்ல அவ. நாப்பது வருஷம் இந்த வீட்டுக்குள்ள ஊதித் தள்ளினவன் நான். 'நீதாம்ப்பா அம்மாவைக் கொன்னே'ன்னு சொல்லிட்டுப் போன பொண்ணு, ரெண்டு வருஷமா பேசல."

அவர் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார்.

அளவு கூடிய வீட்டில் கட்டாயம் தர வேண்டிய துண்டுப் பிரசுரம் லோர்னாவின் கையில் இருந்தது. புகை பிடிப்பவர்கள் உள்ள வீட்டில் ரேடானின் ஆபத்து பல மடங்கு கூடும் என்பது அதன் முதல் வரி.

"கரின், நான் இல்லம்மா. இந்த வீடும்மா" என்றார் ஆர்விட்.

லோர்னா பிரசுரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.