டிராலியில் தெய்வானை

மணி ஒரு தடவை அடித்தது.

நிறுத்து என்று அர்த்தம். பிரேக்கை இழுத்தான். உருளையில் சுற்றிக்கொண்டிருந்த இரும்புக் கயிறு குலுங்கி நின்றது.

பாதி மலையில் நிற்கிறது டிராலி. அதற்குள் தெய்வானை, அவன் மனைவி. வலி கண்டு ஒரு மணி நேரமாகிறது. துணைக்குப் பக்கத்து வீட்டு எலிசம்மா. மணி அடிக்க டிராலிக்காரன் போஜன்.

கீழே பள்ளத்தில் பவர்ஹவுஸ், குடியிருப்பு. மேலே அணை, ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருக்கும் ஜீப். இரண்டுக்கும் நடுவே இந்தத் தண்டவாளத்தை விட்டால் வேறு வழியில்லை.

உச்சியில், கயிற்றை இழுக்கும் விஞ்ச் அறையில் நிற்கிற அவனுக்கு டிராலி தெரியாது. மணிதான் கண். ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டென்றால் ஏற்ற வேண்டும், மூன்றென்றால் இறக்க வேண்டும். மணி சொல்லாமல் ஒரு அடிகூட அசைக்கக் கூடாது.

ஷிப்டுக்கு வேறு ஆளில்லை. இருந்திருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் டிராலியில் அல்லவா உட்கார்ந்திருப்பான்!

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. கும்பிடாத சாமி இல்லை.

தன்னைத் தொட்டதைவிட அந்த இரும்புக் கயிற்றைத்தான் அவன் அதிகம் தொட்டிருக்கிறான் என்பாள் தெய்வானை. நாலு பேர் இருக்கும்போதே சொல்வாள். வாயாடி. அந்த வாய்க்காகவே அவளைக் கட்டிக்கொண்டவன் அவன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று.

ஜன்னலுக்கு வெளியே பெரிய குழாய்கள் அதிர்ந்தன. அணைத் தண்ணீர் அதே சரிவில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு அதன் பாட்டுக்குப் போகிறது. கொடுத்து வைத்த ஆறு.

பத்து நிமிஷம்.

பாழாய்ப்போன மணியே, அடித்துத் தொலையேன்.

அடித்தது.

ஒன்று. இரண்டு.

மூன்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப் மேலே நிற்கிறது. எதற்குக் கீழே இறக்கச் சொல்கிறார்கள்? இனி ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றால்...

அதற்குமேல் நினைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

பிரேக்கைத் தளர்த்தினான். பூப்போல இறக்கினான். இத்தனை வருஷத்தில் யாரையும் அவ்வளவு மெதுவாக இறக்கியதில்லை.

டிராலி அடிவாரம் சேர்ந்தது. போன் அடித்தது.

எடுக்கக் கை வரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

இறங்கியவர்களின் தலைக்கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்செல்லாம். அது விஞ்ச் சட்டம். போஜன் சட்டம் தவறாதவன்.

"நாலு பேரு எறங்கியாச்சுண்ணே."

"நாலு எப்படிடா வரும்? ஏறினது மூணு பேருதானே?"

பதினெட்டு வருஷப் பழக்கம், அதட்டிவிட்டான். அதட்டிய பிறகுதான் உறைத்தது.

அந்தப் பக்கம் பெண்கள் சிரித்தார்கள். எலிசம்மாவின் சிரிப்பு பெரிதாகக் கேட்டது.

இன்னொரு சிரிப்பில் தெம்பே இல்லை. ஆனாலும் அவளுடையதுதான்.