பத்தாவது ஆள்

ஒன்பது பேர் இருந்தார்கள். பத்தாவது ஆள் வரவில்லை.

மூன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில், முழங்கால் முகவாயை இடிக்க, பெரியவர்கள் காலை பதினொரு மணியிலிருந்து குந்தியிருந்தார்கள். இப்போது மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்கு வண்டி வந்து தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பெட்டிக்குள், ஐஸ் பைகளுக்கு நடுவே, ஒரே ஒரு குப்பி. அதில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். திறக்காவிட்டால் நாளை வேறு பகுதிக்குப் போகும். அது அமைச்சரின் தொகுதி என்று யாரும் சொல்லவில்லை. தெரியாதவர்களும் அங்கே இல்லை.

பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறக்கக் கூடாது என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை. ஒரு சொட்டுக்கூட வீணாக்காத நாடு என்று வெளிநாட்டில் யாரோ பாராட்டிவிட்டார்களாம். அன்றிலிருந்து வீணாக்காமல் இருப்பதே வேலையாகிவிட்டது. ஊசி போடுவதெல்லாம் அப்புறம்.

மேற்பார்வையாளர் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டிருந்தார். அரை மணிக்கொரு தரம் மேலிடத்துக்கு போன்.

"சேதாரம் ஜீரோ சார்."

எத்தனை பேருக்குப் போட்டீர்கள் என்று அந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் அதற்கும் ஜீரோதான் பதில்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு தச்சர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஊசி போட்ட சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து உள்ளே விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இது அவருக்கு மூன்றாவது நடை. முதல் தடவை ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். இரண்டாம் தடவை எட்டு.

ஒன்பது பேரில் ஒருவரான டாக்சி டிரைவர் பொறுமை இழந்து தெருவில் இறங்கி, சவாரி கூப்பிடுகிற அதே குரலில் கத்தினார்.

"ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்!"

ஒருவர், போட்டாயிற்று என்றார். ஒருவர், செத்தாலும் போடமாட்டேன் என்றார். மூன்றாமவர், வண்டி எங்கே போகிறது என்று கேட்டார்.

மேற்பார்வையாளருக்கு முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போட்டாயிற்று. கம்ப்யூட்டரில் பதிகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதுக்காரர்களுக்கு நோய் வரலாம். ஊசி வர இன்னும் உத்தரவு இல்லை.

தச்சர் மெல்ல எழுந்து, மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"சிஸ்டர், நான் வேணா ரெண்டு ஊசியாப் போட்டுக்கிறேன். கணக்கு சரியாயிடும்ல?"

யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் நேராகக் கம்ப்யூட்டர் மேசைக்குப் போனாள்.

"என் நம்பரை அடிம்மா."

"அக்கா, உங்களுக்குத்தான் எப்பவோ..."

"அடி."

அந்தப் பெண் அடித்தாள். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. இவருக்கு இரண்டு தவணையும் செலுத்தப்பட்டுவிட்டன. நாட்டைக் காத்தமைக்கு நன்றி. பக்கத்தில், அவள் பெயரைவிடப் பெரிதாக, தலைவரின் படம்.

ஆறு மாதத்துக்கு முன், தடுப்பூசித் தொடக்க விழாவன்று கேமராக்கள் நேரத்துக்கு வந்துவிட்டன. மருந்துதான் வரவில்லை. சும்மா ஊசியை வைத்துக் காட்டு, நாளைக்கு நிஜமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னவர் இதே மேற்பார்வையாளர். அவளும் சட்டைக் கையை மடித்து, ஒரு துளி மருந்தும் இல்லாத ஊசிக்குத் தோளைக் காட்டிச் சிரித்தாள். மறுநாள் மருந்து வந்தபோது பட்டியலில் அவள் பெயருக்கு நேரே டிக் விழுந்திருந்தது. அவளுடைய மருந்து எந்தத் தோளில் ஏறியதோ, தெரியாது.

திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினாள். திருத்தியிருக்கிறார்கள். ஒன்று, இரண்டாகியிருக்கிறது.

ஆறு மாதமாக, ஒற்றை முகமூடியை நம்பி, ஊர்க்காரர்களின் மூச்சுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறி சுற்றுவதை அப்போதுதான் முதல் முறையாகக் கவனிப்பவர்போல அண்ணாந்திருந்தார்.

"ரூல்னா ரூல்தாம்மா," என்றார் மேலே பார்த்தபடியே. "ஒன்பது பேருக்குத் திறந்தா ஒண்ணு வேஸ்ட். நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

நர்ஸ் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். கட்டைவிரலால் மூடியை நெம்பினாள்.

டக்.

அந்தச் சின்னச் சத்தத்துக்கு மேற்பார்வையாளர் நாற்காலி கவிழ எழுந்தார்.

அதற்குள் தச்சர் சட்டையைக் கழற்றிவிட்டிருந்தார்.

வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஏழாவதாக டாக்சி டிரைவர் உட்கார்ந்தபோது, அவரே ஜன்னல் வழியாக எட்டி, வண்டிக்காரரைச் சும்மா இருக்கச் சொன்னார். ஒன்பதாவது ஆளுக்கும் போட்டு முடித்ததும், நர்ஸ் குப்பியையும் ஒரு புது ஊசியையும் எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பின்னால் கை கழுவும் இடத்துக்குப் போனாள். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பெண் ஒன்பது பெயரையும் ஏற்றியிருந்தாள்.

"மிச்சம் ஒண்ணு இருந்துச்சே, அக்கா. என்ன போடட்டும்?"

"வேஸ்ட்னு போடும்மா."

மேற்பார்வையாளர் ஏற்கனவே போனில் இருந்தார். "ஒண்ணு வீணாப் போச்சு சார். எல்லாம் இந்த நர்ஸம்மா பண்ண வேலை."

அவள் பதிவேட்டை இழுத்து, வீணானது என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

பிறகு தன் இடது தோளிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது.