முந்நூறு வருஷத்து மேகம்

உக்கிரபாண்டி வரைந்த அந்த ஓவியத்துக்கு வயது ஒரு மாதம்தான். விற்கும்போது முந்நூறு வருஷம் என்று சொல்வதாக ஏற்பாடு.

யோசனை தவசியுடையது. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட் துரையின் பங்களாவில் சமையல்காரனாக இருந்தவன். துரை சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன புத்தகத்தில் பழங்காலத்து ஐரோப்பிய ஓவியம் ஒன்று இருந்தது. அதே பாணியில் உக்கிரபாண்டி எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். போடியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு கை! துணி முழுக்கக் கரும்பழுப்பு பூசிக் காயவிட்டு, அதன்மேல் வெளிச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றினார். இருண்ட மேகம், அதைக் கிழித்துக்கொண்டு இறங்கும் மஞ்சள் வெயில், இடிந்த கோபுரம், ஓடையில் தண்ணீர் குடிக்கும் மாடுகள்.

மாடுகளில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

"அண்ணே, வெள்ளைக்காரன் மாட்டுக்குத் திமில் கிடையாது," என்றான் தவசி.

எல்லாத் திமிலையும் அழித்தார்.

படத்தைப் பழசாக்க, எஸ்டேட்டில் பச்சை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் சூட்டுக் குழாய்களுக்கு மேலே தொங்கவிட்டார்கள். வர்ணம் வெடித்து, புகை படிந்து, பல தலைமுறை பார்த்த மாதிரி வெளியே வந்தது.

மதுரையிலிருந்து எஸ்டேட்டுக்கே காரில் வந்தார் பழம்பொருள் வியாபாரி சீனிச்சாமி. படத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"இத வரைஞ்சது யாரு?"

"வரைஞ்ச மகராசன் செத்து முந்நூறு வருசமாச்சுங்கய்யா," என்றான் தவசி.

"நெசமாவா?" சீனிச்சாமியின் முகம் வாடிவிட்டது.

உக்கிரபாண்டி படத்தை இன்னும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். படம் விற்றால்தான் ஓட்டு வீடு. அவர் மனைவி மருதாயி அதைச் சொந்த ஊரான சிலமலை முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

"படத்த எடுத்துக்கிட்டுக் கார்ல ஏறுங்க. போடிக்குப் போயி நிதானமாப் பேசுவோம்," என்றார் சீனிச்சாமி.

போடிமெட்டுச் சாவடியில் ஏட்டு பால்சாமி காரை மறித்தார். எஸ்டேட் ஏலக்காய் களவு போகாமல் பார்ப்பது அவர் வேலை. ஜன்னல் வழியாக மூக்கை நீட்டினார்.

"காய் வாசம் தூக்குதே. யாருய்யா வச்சிருக்கா?"

எல்லோரையும் இறக்கித் துழாவினார். ஒரு காய்கூட அகப்படவில்லை. வாசம் படத்திலிருந்துதான் வந்தது.

உண்மையைச் சொன்னால் ஏட்டு விட்டுவிடுவார். ஆனால் ஸ்டோரில் தொங்கவிட்ட கதையைச் சொன்னால் முந்நூறு வருஷமும் போச்சு, வீடும் போச்சு. சீனிச்சாமியோ ஏட்டைவிட ஆவலாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ளதச் சொல்லுங்கப்பா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்," என்றார் வியாபாரி.

உக்கிரபாண்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

"காயத் திருடிப் படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தோம், அய்யா. பயந்துபோயி கார்ல ஏறுறதுக்கு முந்தியே கொட்டிட்டோம்."

"எம்புட்டு?"

"அரைப்படி," என்றார் உக்கிரபாண்டி. "ஒருபடி," என்றான் தவசி, அதே நேரத்தில். ஏட்டு இரண்டையும் கூட்டி எழுதிக்கொண்டார்.

"நாங்க திருடனுங்கதான். ஆனா படம் சுத்த அசலு, அய்யா. அதுல சந்தேகமே வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே உக்கிரபாண்டி ஏட்டின் பின்னால் நடந்தார். இவ்வளவு வீம்பாக ஜெயிலுக்குப் போன ஆளை அந்தச் சாவடி கண்டதில்லை.

சீனிச்சாமி படத்தைச் சாவடிச் சுவரில் சாய்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

"படம் வேண்டாமாங்கய்யா?" என்றார் டிரைவர்.

"போலீஸ் கை பட்டது எதுக்குப்பா? அதுவும் அசலு, ஒரு தடவைதான் விக்க முடியும். இந்த மாதிரி போலி வரையத் தெரிஞ்ச ஒருத்தன் கிடைச்சா மச்சு வீடே கட்டிக் குடுத்துக் கூட வச்சுக்கலாம்னு ஊர் ஊரா அலையிறேன், போற எடமெல்லாம் யோக்கியமான படமாவே மாட்டுது."